மெக்சிகோ கோயிலும் எங்கள் வீட்டு ரெட்டைச் சுழியும்

மெக்சிகோ எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம், இரண்டு மூன்று மலை தாண்டி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு பெரிய கோயில் உண்டு, அதில் மழைச் சாமிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொடுப்பார்கள், அதுவும் உச்சந்தலையில் ரெட்டைச் சுழி உள்ள பிள்ளைகளாகப் பார்த்து எடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். என் தம்பிக்கு ரெட்டைச் சுழி. அந்த வருடம் மழையும் இல்லை. பத்து வயதில் ஒருத்தி பயந்து சாக இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்களுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும், கடுக்காய்க்கு ஜவ்வாது மலை வேண்டும். அத்தா அந்த வியாபாரத்துக்காகத்தான் எங்களை மலைமேல் கொண்டுவந்து குடிவைத்தார். மலைக்காரர்கள் சுமந்து வரும் கடுக்காயை எடை போட்டு வாங்கி, காயவைத்து, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவார். கிடங்குக்குப் பக்கத்திலேயே உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு, வெல்லம் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அத்தா, அம்மா, நான், நாலு வயதில் தம்பி.

தம்பி அழுமூஞ்சி. காக்கா கத்தினால் அழுவான், காக்கா கத்தாவிட்டால் எங்கே போனது என்று அழுவான். அவன் தலையில் அந்த இரண்டு சுழியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எதிரில் டீக்கடை வைத்திருந்த கண்ணமங்கலத்து அம்மா அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் தலையைத் தடவி, "ரெட்டச் சுழி, ரெண்டு பொண்டாட்டி! இன்னாடா, எங்க வூட்ல ஒண்ணு கட்டிக்கிறியா?" என்று கேட்பார். தம்பி அதற்கும் அழுவான். அதுவரைக்கும் ரெட்டைச் சுழி என்றால் எங்களுக்குச் சிரிப்புதான்.

பொட்டலம் கட்டப் பழைய காகிதம் கீழேயிருந்து கட்டுக்கட்டாக வரும். ஒருமுறை வந்த கட்டில் அட்டை போன இங்கிலீஷ் படப் புத்தகம் ஒன்று கிடந்தது. உலகத்துப் பழைய கோயில்கள், கோட்டைகள் பற்றியது. முன்பாதியில் யாரோ எங்கேயோ பட்டாணி மடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்களுக்கு வந்து சேர்ந்தது மெக்சிகோவில் ஆரம்பித்தது. அத்தா பள்ளிக்கூடம் முடித்தவர், இங்கிலீஷ் வாசிப்பார். அதைக் கிழிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் கடை சாத்தியதும் ஒரு பக்கம் வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொல்வார். மலையில் வேறு பொழுதுபோக்கு ஏது?

சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது. ஏரிக்கு நடுவில் ஒரு பட்டணம், அந்தப் பட்டணத்துக்கு நடுவில் இந்தக் கோயில். அம்மா நறுக்க வைத்திருந்த வெங்காயத்தில் ஒன்றை எடுத்துத் தோல் தோலாக உரித்துக் காட்டினார். "ஒரு ராஜா கட்டுவான். அடுத்த ராஜா வந்தா அத இடிக்க மாட்டான். அத அப்டியே உள்ள வெச்சி, அதும் மேல இன்னும் பெர்சா கட்டுவான். அவனுக்கு அடுத்தவன் அதவிடப் பெர்சா. கோயிலுக்குள்ள கோயிலு, அதுக்குள்ள கோயிலு." அம்மா, "வெங்காயம் போச்சி, அத சொல்லுங்க" என்றார்.

பிறகு கடல் தாண்டி வெள்ளைக்காரர்கள் வந்ததும், அவர்கள் அந்தக் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கியதும், அதே கல்லை எடுத்துத் தங்கள் கோயிலையும் வீடுகளையும் கட்டிக்கொண்டதும் ஒரு சாயங்காலம். அதற்கு மேல் பல நூறு வருடம் ஜனங்கள் தெருப்போட்டு நடந்தார்கள், கீழே என்ன இருக்கிறது என்றே மறந்துபோனார்கள் என்பது இன்னொரு சாயங்காலம். கடைசியில் படித்தவர்கள் சிலர் ஒரு தெருமுனையில் தோண்டியபோது கோயிலின் ஒரு மூலை மட்டும் அகப்பட்டதாம். படிக்கட்டின் அடியில் வாயைத் திறந்துகொண்டு ஒரு கல் பாம்பு. அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். அதுவரை எனக்கு அந்தக் கோயில் பிடித்துத்தான் இருந்தது.

மழைச் சாமியின் பக்கம் அதற்கப்புறம் வந்தது. கோயில் உச்சியில் இரண்டு அறை, ஒன்று சண்டைச் சாமிக்கு, ஒன்று மழைச் சாமிக்கு. மழை பொய்த்தால் சின்னப் பிள்ளைகளை அலங்காரம் பண்ணிப் பல்லக்கில் வைத்து மலைமேல் கொண்டு போவார்கள். ரெட்டைச் சுழி உள்ள பிள்ளைகளைத் தேடி எடுப்பார்கள். போகிற வழியில் அந்தப் பிள்ளைகள் அழ வேண்டும். எவ்வளவு அழுகிறதோ அவ்வளவு மழை. அழுதால் ஊரே சந்தோஷப்படும். படையெடுத்து வந்தவர்களின் பாதிரியார் ஒருவர் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு இதையெல்லாம் எழுதிவைத்தார் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

அத்தாவுக்கு வாய் சும்மா இருக்காது. புத்தகத்தை மூடிவிட்டுத் தம்பியின் தலையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். "இன்னாடா ரெட்டச் சுழி! நீ மட்டும் மெக்சிகோல பொறந்திருந்தா இந்நேரம் பல்லக்குல போய்ட்டிருப்ப." தம்பி வழக்கம்போல அழ ஆரம்பித்தான். "பாரு பாரு, மழ வர மாதிரி கீதே!" என்று அத்தா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வெளையாட்டு வெனயாப் பூடும், வுடுங்க" என்றார் அம்மா. ஆனால் அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று தம்பியின் பக்கத்தில் படுத்து அவன் தலைமேல் கையை வைத்து மூடிக்கொண்டுதான் தூங்கினேன்.

ஆடி போய் ஆவணி வந்தது. மலைக்காரர்கள் விதைத்த சாமை முளைத்த இடத்திலேயே காய்ந்தது. ஓடையில் குழி தோண்டித் தண்ணீர் மொண்டார்கள். அவர்கள் தங்கள் சாமிக்குப் பொங்கல் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. கீழேயிருந்து அரிசி ஏற்றிவந்த லாரி டிரைவர், கண்ணமங்கலத்தில் கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள் என்று சொன்னார். ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மைமேல் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்களாம். "இன்னா அழுக அழுவுறாங்க தெரியுமா! நெசமாவே எழவு வூடுன்னு நெனச்சி லாரிய நிறுத்திட்டேன்" என்றார். டீக்கடை அம்மா, "அழுதாத்தான் மழ வரும். எங்கூர்ல அப்டித்தான்" என்று அடித்துச் சொன்னார்.

நான் கடைக்குள் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மெக்சிகோவில்தான் அழுகை கேட்கும் சாமி என்று ஒரு தைரியம் எனக்கு இருந்தது. இப்போது கண்ணமங்கலத்திலும் அப்படியே என்கிறார்களே.

அதன் பிறகு தொழுகை நடத்திவைக்கும் ஹஜ்ரத் வந்தார். மலைமேல் முஸ்லிம் குடும்பங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஆனாலும் சந்தைக்கு வரும் வியாபாரிகள், மரம் வெட்ட வந்தவர்கள் எல்லாரையும் சேர்த்து மழைத் தொழுகை நடத்த வேண்டும் என்று அத்தாதான் ஆள் அனுப்பி அடிவாரத்திலிருந்து அவரை வரவழைத்திருந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல், தம்பிக்கு மிட்டாய் வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு அத்தாவும் அவரும் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பேசியதை நான் கடுக்காய் மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"பாறைமேட்டு மேல வெச்சிக்கலாங்க ஹஜ்ரத். திறந்த எடம்" என்றார் அத்தா.

"நல்லது. புள்ளைங்களையும் கண்டிப்பா இட்டுக்கினு வரணும். தாய்ங்ககிட்டயிருந்து பிரிச்சி, தனியா ஒரு பக்கமா உக்கார வெச்சிடுங்க. அதுங்க அழணும். அழுத புள்ளதானே பால் குடிக்கும்? பாவம் அறியாத புள்ளைங்க அழுதா ரஹ்மத் எறங்கும்."

அத்தா சிரித்தார். "நம்ம சின்னவன் ஒருத்தன் போதுங்க. ஊருக்கே சேத்து அழுவான்."

மழைத் தொழுகையில் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் கூடக் கூட்டிப் போவதும், பிள்ளைகளைத் தாயிடமிருந்து சற்றுத் தள்ளி உட்காரவைப்பதும் எங்களில் உள்ள வழக்கம். ஹஜ்ரத் சொன்ன ரஹ்மத்தை, இறைவனின் இரக்கத்தை, கேட்கிற வழி அது. தொழுகை முடிந்ததும் அம்மா மடியில் போய் விழவேண்டியதுதான். இன்று எனக்கு இது தெரியும். வாணியம்பாடியில் இருந்திருந்தால் அன்றும் யாராவது சொல்லித் தெரிந்திருக்கும். மலைமேல் வளர்ந்த நான் மழைத் தொழுகை பார்த்ததே இல்லை. எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: மலைமேல், தாயைப் பிரித்து, அழவைத்து, மழைக்காக. புத்தகத்தில் இருந்தது ஒரு எழுத்து மாறாமல் இவர்கள் வாயிலிருந்தே வருகிறது.

கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தால் இன்றைக்கே கொண்டு போய்விட்டால்? அத்தாவைப் பற்றி அப்படி நினைக்க மனசு வந்ததா என்றும் கேட்கலாம். ஒவ்வொரு பக்ரீத்துக்கும் எங்கள் வீட்டில் சொல்லப்படுவது என்ன கதை? இப்ராஹிம் நபி, அல்லாஹ்வின் கட்டளை என்று, தான் பெற்ற மகனையே அறுக்கத் துணிந்த கதை. அத்தா அதைச் சொல்லும்போது கண் கலங்குவார். நல்ல தகப்பன்தான் கொடுப்பான் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். எங்கள் அத்தா மிக நல்ல தகப்பன்.

அந்தக் கதையில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கடைசியில் மகனுக்குப் பதிலாக ஆடு வந்துவிடும். அத்தா அந்த வாரம் ஒரு கடா வாங்கிப் பின்பக்கம் கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆடுதான் போகப்போகிறது, தம்பி இல்லை. நான் அந்த ஆட்டுக்கு இலை ஒடித்துப் போட்டேன், தண்ணீர் வைத்தேன். என் பங்குத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துத்தான் வைத்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆடு இருக்கிறதா என்று ஓடிப் பார்ப்பேன்.

தொழுகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆடு இல்லை. கயிறும் இல்லை.

"அம்மா, ஆடு எங்க?"

"அத்தா சதக்கா குடுத்துட்டாங்க. ஓடக்கரைல அந்தப் புருஷன் இல்லாதவ இருக்கால்ல, அவளுக்கு. தொழுவறதுக்கு முன்னாடி தர்மம் செய்யணும்."

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். ஆடு போய்விட்டது. இனி தம்பிதான் மிச்சம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வீட்டில் இருந்த வெளிச்சமெல்லாம்கூடப் பேயாகத் தெரிந்தது. அம்மா தம்பியின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார், அலங்காரம் என்று நினைத்தேன். டீக்கடை அம்மா அவனுக்கு மட்டும் ஒரு பன் கொடுத்தார், இவருக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஹஜ்ரத் அவன் தலையைத் தடவி ஓதி ஊதினார். அவர் விரல் சுழிமேல் நின்றதாக எனக்குத் தோன்றியது.

அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து, கிடங்குக்குள் தம்பியை உட்காரவைத்து, உச்சியில் இருந்த முடியை வெட்டினேன். முடியை வெட்டினால் சுழி போய்விடும் என்று என் புத்தி. முடி குறையக் குறையச் சுழி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. அவசரமாக அவனுக்குத் தொப்பியைப் போட்டு, "இத கழட்டவே கூடாது" என்றேன். தொழுகைக்குத் தொப்பி போடத்தானே வேண்டும், யாரும் எதுவும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது அழுகை. அழாத பிள்ளையால் பிரயோஜனம் இல்லை, வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? அவனை மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் கையில் கிள்ளினேன். அழுதான். வாயைப் பொத்தி, "அழுதா உன்ன மலமேல உட்டுட்டு வந்துருவாங்க. அம்மா வர மாட்டாங்க" என்றேன். கண் பெரிதாயிற்று. வெல்லம் கொடுத்தேன். மறுபடி கிள்ளினேன். உதடு கோணிற்று, அடக்கினான். வெல்லம். மறுபடி. "நான் அழு-ன்னு சொன்னாதான் அழணும். வேற யார் இன்னா செஞ்சாலும் அழக்கூடாது. இன்னா?" அவன் தலையை ஆட்டினான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. கை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கிள்ளிய தடம். கடைசியில் நான் எவ்வளவு அழுத்திக் கிள்ளியும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தான். பிழைத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

பின்னாளில் நான் வாணியம்பாடியில் பெண் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித் தரும் வாத்தியாரம்மா ஆனேன். மெக்சிகோவில் மின்சாரக் கம்பி போடத் தெருவைத் தோண்டியவர்களின் கடப்பாரை ஒரு வட்டக் கல்லில் இடித்தது என்றும், அதில் கைகால் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் தெய்வம் செதுக்கியிருந்தது என்றும் பத்திரிகையில் வந்தபோது வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசித்தேன். மேலே இருந்த கட்டடங்களை அப்புறப்படுத்திவிட்டு முழுக் கோயிலையும் தோண்டினார்கள். அத்தா சொன்ன வெங்காயம் சரிதான். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோயில்கள் இருந்தன. உள்ளே இருந்த மழைச் சாமி அறை வாசலில் கல் மனிதன் ஒருவன் மல்லாந்து கிண்ணம் ஏந்தியிருந்தான். அவன்மேல் பூசிய வர்ணம்கூட அழியவில்லை.

அப்புறம் மழைச் சாமியின் பக்கத்தில் ஒரு கல் பெட்டி அகப்பட்டது. திறந்தால் பிள்ளைகளின் எலும்பு. நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், என் தம்பி வயதுக்காரர்கள். சிலர் வாயில் பச்சைக் கல் மணி வைத்திருந்தது. எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தவர்கள், நிறையப் பேர் சோகை பிடித்த, சொத்தைப் பல் பிள்ளைகள் என்றார்கள். பாதிரியார் எழுதியதை மிகை என்று தள்ளியவர்கள் உண்டு. பெட்டி திறந்த பிறகு அப்படித் தள்ளுவது சுலபமாக இல்லை. நான் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றை மட்டுமே யோசித்தேன். அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது அக்கா இருந்தாளா, அவளும் முந்தின நாள் அவன் கையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா என்று.

தொழுகை அன்று காலை வெயில் ஏறுவதற்குள் பாறைமேட்டுக்குப் போனோம். எல்லாரும் பணிவுக்காகப் பழைய துணிதான் கட்டியிருந்தார்கள், தம்பியைத் தவிர. ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஒரு புளிய மரத்தடியில் துணி கட்டி மறைத்த இடத்தில். பிள்ளைகளைப் பிரித்து எதிர்ப் பக்கம், கல் கிடந்த சரிவில் உட்காரவைத்தார்கள். என்னைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அத்தா. டீக்கடை அம்மாவும் மலைக்காரர்கள் சிலரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்கள். மழை எல்லாருக்கும்தானே.

தொழுகை முடிந்து ஹஜ்ரத் வழக்கப்படி தன் மேல்துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கையேந்தினார். அவர் குரல் உடைந்தது. பின்னாலேயே எல்லாரும் அழ ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் தோள் குலுங்க அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லாரி டிரைவர் அழுதார். அத்தா அழுதார். அதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அம்மாவைக் கேட்டுக் கதறின. மாடுகள்கூடக் கத்தின. தம்பி மட்டும் என் கைக்கு எட்டும் தூரத்தில், தொப்பியோடு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் ராஜா, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவன் கையைக் கல் இடுக்கில் விட்டு ஏதோ நோண்டிக்கொண்டிருந்தான். திடீரென்று உடம்பு தூக்கிப் போட்டது. கையை வெடுக்கென்று எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கண்ணில் நீர் நிறைந்து நின்றது, விழவில்லை. எறும்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவனும் தலையை ஆட்டினான்.

சற்று நேரத்தில் அவன் நெற்றியெல்லாம் வேர்த்து, வெள்ளைச் சட்டை நனைந்தது. வாந்தி எடுத்தான். அப்போதும் சத்தம் இல்லை. அந்தக் கல்லைப் பார்த்தேன். சிவப்பாக, சின்னதாக, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள் உள்ளே போனது. செந்தேள் கொட்டிய மலைக்காரப் பிள்ளை ஒன்று அதற்கு முந்தின கோடையில் செத்துப்போனது எனக்குத் தெரியும். சத்தம் போட்டால் எல்லாரும் திரும்புவார்கள். இவன் அழுதுவிடுவான். அழுதால் கொடுத்துவிடுவார்கள். அழாவிட்டால் தேள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பயத்தை இன்றுவரை எந்தப் பயமும் தொடவில்லை.

அவன் என் மடியில் சாய்ந்தான். கை சில்லென்று இருந்தது. "அத்தா!" என்று கத்தினேன். யாரிடமிருந்து அவனை மறைத்தேனோ அவரைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

துஆவுக்கு ஏந்திய கையை விட்டுவிட்டு அத்தா ஓடிவந்தார். மலைக்காரப் பெண் ஒருத்தி முந்தானையைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினாள். லாரி டிரைவர் வண்டியை எடுத்தார். தம்பி என் விரலை விடவில்லை, அதனால் என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவின் அலறல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்து, வளைவில் நின்றுபோனது.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அவன் தலை அத்தாவின் கையில் இப்படியும் அப்படியும் ஆடியது. தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் ஒரு முனகல்கூட இல்லை. அதுதான் அத்தாவை அடியோடு கலக்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் அழுகிற பிள்ளை தேள் கொட்டியும் அழவில்லை என்றால் என்ன அர்த்தம்? "அழுடா. என் கண்ணு, அழுடா. ஒரே ஒரு தபா அழுடா. யா அல்லா, இவன அழ வையி" என்று அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கெஞ்சினார். மழைக்குக்கூட அவர் அப்படிக் கெஞ்சவில்லை.

தம்பி அத்தாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அழு" என்றேன். "அழுடா தம்பி. அக்கா சொல்றேன், அழு."

அவன் வாயைத் திறந்தான். லாரி இரைச்சலையும் மீறி அந்த அழுகை கேட்டது. கீழே ஆஸ்பத்திரி வரும்வரை நிறுத்தவே இல்லை.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதியம் தாண்டி அவர் முகம் தெளிந்தது. "இனி பயமில்ல" என்றார். அதற்கப்புறம்தான் அத்தா பிள்ளையின் கையில் இருந்த தடங்களைப் பார்த்தார், உச்சந்தலையில் வெட்டியிருந்த முடியைப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகத்திலிருந்து ஆடுவரைக்கும்.

அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னப் போய் அப்டியா நெனச்ச?"

"ஆமா அத்தா."

தவறு என்னுடையது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் முன்னால் எதைச் சொல்லிச் சிரிப்பது என்று பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் அந்த "ஆமா" அவர் முகத்தில் விழுந்ததைப் பார்த்தவள் நான்தான். அவர் கோபப்படவில்லை, அடிக்கவில்லை. என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். நான் என்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் அத்தா என்னை எதற்குக் கூப்பிட்டாலும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவார். "வாம்மா, சந்தைக்குப் போறோம், கத்திரிக்கா வாங்க." "கைய குடு, ஓடய தாண்டணும்." "இங்க வா, முள்ளு எடுக்கத்தான்." எனக்குக் கல்யாணமாகி அவர் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதை விடவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நீட்டிவிட்டு, பேச்சு குழறிய அந்த நிலையிலும், காரணத்தை முதலில் சொன்னார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா புடிச்சிக்கத்தான்."